மூன்றாம் கூடத்துப் பேட்டி

இசாஃப்யோர்த் துறைமுகத்தில் ஒரு மீன் ஆலை.
ஒலிவாங்கியை அவள் கழுத்துப்பட்டையில் மாட்டியவன்
உறைவிப்பான்களை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டான்.
சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.
காட் மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

இப்போது ரெய்க்யவிக்கில் நள்ளிரவு.
திங்கட்கிழமை ஒளிபரப்பு.
திரையில் பச்சை அலைகள், மேசையில் ஆறிய காபி,
காதில் நாற்பத்திரண்டு நிமிட இரைச்சல்,
அதற்குள் எங்கோ ஒரு பெண்.

முதலில் அவள் பேசாத ஒரு துண்டைத் தேட வேண்டும்.
வெறும் இரைச்சல் மட்டும் உள்ள துண்டு.
அதை மென்பொருளிடம் காட்டிக்கொடுக்க வேண்டும்:
இதுதான் எதிரி,
முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.

போகுமீவா எளிதில் வாய்மூடுகிறவள் இல்லை.
பதினேழாம் நிமிடத்தில்தான் கிடைத்தது.
போலந்துக்கே திரும்பிப் போவீர்களா என்று கேட்கிறார்கள்.
கையுறையைப் பார்த்தபடி சும்மா இருக்கிறாள்.
முக்கால் நொடி.
எனக்கு அது போதும்.

ஆறு டெசிபல் குறைத்தேன், மின்விசிறி போயிற்று.
பன்னிரண்டில் தண்ணீர்க் குழாய்.
பதினெட்டில் ஆலையே போயிற்று,
கூடவே அவள் ஊரும்.

ஷ்செச்சினெக்.
பாதிப் பெயர் சீறல்தான்.
எது நீராவி எது ஊர் என்று
இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?
வாலை மட்டும் விட்டுவைத்திருந்தது:
அவள் பிறந்தது ‘இனெக்’ என்ற இடத்தில்.
வல்லினமெல்லாம் மெல்லினமாகி
குரல் தகரக் குடத்துக்குள் இறங்கிவிட்டது.

திரும்ப வந்தேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கையை எடுத்து,
அரிசி சிந்தாமல் புடைக்கிற மாதிரி
தட்டித் தட்டி,
ஒவ்வொரு ஷகரமாக மீட்டுவைத்தேன்.
மூன்று மணிக்கு
அவள் குரல் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்.
எனக்கே கொஞ்சம் கர்வம்.

காலையில் ஸ்டெய்ன்வோர் பார்த்தாள்.
படம் அவளுடையது.
இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டாள்:
இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கோபமா?
மகனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.
இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது
அவன் விழித்துக்கொள்ளக் கூடாதென்று
பூட்ஸை வெளியிலேயே கழற்றிவிட்டு
சாவிக்கொத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
நுனிக்காலில் நடப்பாளாம்.
“சத்தமே வரக் கூடாது, பாருங்கள்!”
என்று கத்துகிறாள்
ஊசி விழுந்தால் கேட்கும் அறையில்,
கழுத்து நரம்பு புடைக்க.

நான்கு உறைவிப்பான்களின் மேல் ஏறி நின்று
பேசிய பேச்சு அது.
நான் அடியிலிருந்து ஆலையை உருவிவிட்டேன்.
அவள் அந்தரத்தில் நிற்கிறாள்.

குரலைத் தணித்துப் பார்த்தோம்.
தூரத்திலிருந்து கத்துவதுபோல் ஆனது.
கடைசியில் பதினெட்டை ஏழாக்கினேன்.
குழாய் வந்தது, விசிறி வந்தது,
நீராவி அவளைச் சுற்றி எழுந்தது.
கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.
இரைச்சலுக்கு நடுவே ஒருத்தி
பக்கத்தில் வந்து ரகசியம் சொன்னாள்,
உரக்க.

அந்த முக்கால் நொடியில் மட்டும்
எதையும் குறைக்கவில்லை.
ஸ்டெய்ன்வோர் கவனித்தாள், கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி.
போலுங்கார்விக்கிலிருந்து யாரோ ஒருவர்,
முன்பு கப்பலில் எந்திரம் பார்த்தவராம்.
படம் பிடித்ததா என்று அவர் சொல்லவில்லை.
“அந்த ஆலைக்குச் சொல்லிவிடுங்கள்,” என்றார்,
“பதினேழாம் நிமிடம், அவள் பேசாமல் இருக்கிறாளே,
அங்கே கேளுங்கள்.
இரண்டாவது கம்ப்ரஸரில் பேரிங் தேய்ந்திருக்கிறது.”

ஹெட்போனை மாட்டினேன்.
ஆமாம்.
ரீங்காரத்துக்கு அடியில்,
யாரோ நாக்கைத் தட்டிக்கொண்டே
பதில் யோசிப்பதுபோல்,

டிக்.