அவன் இருந்தான்

நேற்றிரவு குன்னூரில் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே.
ஹீட்டரின் ஒற்றைக் கம்பி சிவந்திருக்க
கம்பளிக்குள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டு
ட்ரம்பெட் ஏசுவடியானைப் பார்த்தேன்,
ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம்.

பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.
ஊதியது தெரியும்.
கதாநாயகன் ரயிலைத் தவறவிட்டபோதெல்லாம்
பின்னால் அழுதது அவருடைய பித்தளைதான்.

பேசிய எல்லோரும் மேதை என்றார்கள்.
ஒருவர் மட்டும் மேதை என்று சொல்லிவிட்டு
நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.
அந்த நகர்வை வெட்டாமல் விட்ட
இயக்குநருக்கு என் வணக்கம்.

ஐம்பத்திரண்டாம் நிமிஷத்தில் அந்தக் கேள்வி:
உங்கள் தம்பி தாசன்தானே
முப்பது வருஷம் நோட்டு எழுதிக் கொடுத்தார்?

பெரியவர் மவுத்பீஸைக் கழற்றினார்.
வேட்டி நுனியால் துடைத்தார்.
குழாயைக் கவிழ்த்து எச்சிலைத் தட்டினார்.
பிறகு சொன்னார்:
'அவன் இருந்தான்.'

அவ்வளவுதான்.
முப்பது வருஷத்துக்கு இரண்டு சொல்.
எழுவாய், பயனிலை.
இலக்கணம் சுத்தம்.

அதே கையோடு கருவியை உதட்டுக்குக் கொண்டுபோய்
நாற்பது வினாடி ஊதினார்.
நான் அழுதேன்.
அழுததற்காக வந்த ஆத்திரத்தை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்னால் இழுத்து மறுபடி கேட்டேன்.
மறுபடியும் அழுதேன்.

'பாட்டை எடுத்துக்கோ, ஆளை விடு'
என்றார் போர்வைக்குள்ளிருந்து என் கணவர்.
தூக்கத்தில்கூட இவருக்கு ஒரு கருத்து.
எப்படி விடுவது?
அந்த மூச்சு அந்த நெஞ்சிலிருந்துதானே வந்தது.

நாசரேத்து பக்கம் தன் ஊர்க் கோயிலுக்கு
மணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.
ஏழு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறார்.
அதுவும் உண்மை.
கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்தி நிறுத்தித் தேடினேன்.
வேன் டிரைவருக்கு நன்றி இருந்தது,
ஒரு நாய்க்கும் இருந்தது.
தாசன் ஒரு பழைய குரூப் போட்டோவில்,
இடமிருந்து மூன்றாவது,
கண்ணை மூடியபடி.

காலையில் வெலிங்டன் மைதானம் முழுக்க வெள்ளை.
எங்கள் தொழிலில் உறைபனிக்கு இரண்டு கணக்கு.
கடித்தும் கடிக்காமலும் விட்டால்
இலைக்குள் ஒரு வாசம் ஏறும்,
ஏலத்தில் கிலோவுக்கு நூறு கூடும்.
இன்னும் ஒரு டிகிரி இறங்கினால்
பள்ளத்துச் செடியெல்லாம் கருகும்.
வாசத்தைக் குடிக்கிறவர்கள்
பள்ளத்துப் பக்கம் வருவதில்லை.

டேஸ்டிங் அறையில் நாற்பத்திரண்டு கப்.
இலை நிறுத்து, வெந்நீர் ஊற்றி, மணி வைத்து
வரிசையைச் சரிசெய்கிறாள் யோகேஸ்வரி,
பதினோரு வருஷமாக.
போன வருஷம் என் நாக்குக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.
அந்தப் படம் சுவரில் இருக்கிறது.
அதில் அவளுடைய முழங்கை தெரிகிறது.

கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும்,
சத்தமாக, அநாகரிகமாக.
அவர் வெளியே ஊதியதை
நான் உள்ளே இழுக்கிறேன்.
நாக்கில் உருட்டி, துப்பி,
ஒரே சொல்லில் எழுத வேண்டும்.
திடம். தட்டை. புகை. கருகல்.

பதினேழாம் லாட்டில் நின்றுவிட்டேன்.
பனி தொட்ட இலை.
மல்லியா, தோல் சீவிய ஆப்பிளா,
பெயர் வைக்கப் போனால் நழுவுகிறது.

'கண்ணு சிவந்திருக்கே, ராத்திரி என்ன பாத்தீங்க?'
ஒரு ட்ரம்பெட்காரர் என்றேன், துப்பிவிட்டு.
'ஏசுவடியானா? அவரு ஊதுறப்ப எங்கப்பா
ரேடியோ பக்கத்துல யாரையும் தும்மக்கூட விடமாட்டாரு.'
அடுத்த கரண்டியை உறிஞ்சினேன்.
'நல்ல மனுஷனா?'

வாய் நிறைய டீ.
துப்பினால்தான் பேச முடியும்.
கெட்டிலோடு நிற்கிறாள்,
ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி அவள் முகத்துக்கு ஏறுகிறது,
நான் இன்னும் துப்பவில்லை.