ஆணிக் கீறல்

டோன் வெனான்சியோவின் தாதுக் கடையில்
எடை போடுவதும் எழுதுவதும் என் வேலை.
"வல்லுநர் சோதனை இலவசம்" என்கிறது வாசல் பலகை.
வல்லுநர் நான்தான்.
ஒருரோ பல்கலைக்கழகத்தில் நான்கு பருவம் படித்தேன்,
ஐந்தாவதுக்குக் காசில்லை.

நாலாயிரம் மீட்டர் உயரம்.
மூச்சுக்கே கஞ்சத்தனம் பார்க்கும் காற்று.
சுரங்கம் கழித்துக் கொட்டிய மேட்டில்
கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு
ஆறு நாள் கல் உடைக்கும் பெண்கள்
வியாழன் மதியம் வருவார்கள், மூட்டையோடு.

அன்று கசிமீரா கோல்கே.
முப்பத்தொரு கிலோ.
மூட்டை வாயை அவிழ்ப்பதற்கு முன்பே
"துத்தநாகம்" என்றார் டோன் வெனான்சியோ.

வெள்ளீயக் கல்லும் கறுப்பு,
துத்தநாகக் கல்லும் கறுப்பு.
இரண்டும் பிசின் தடவியதுபோல் மிளிரும்.
நிறத்தை நம்புகிறவன்
இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்கமாட்டான்.
விலையோ ஒன்றுக்குப் பத்து.

அவள் சண்டை போடவில்லை.
மூட்டையிலிருந்து ஒரு கல்,
எங்கள் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்த
துத்தநாகக் கல் ஒன்று,
இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்.
இரு கையிலும் ஏந்தி நின்றாள்.
வலது தோள் இறங்கியது.
அதை நான் பார்த்தேன்.
அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தி இருக்கிறதா, தம்பி?"

இருந்தது. கால்சட்டைப் பையில்,
தொடையில் குத்திக்கொண்டு.
வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன்.

டயர் ரப்பரில் தைத்த செருப்பைக் கழற்றினாள்.
அடியிலிருந்து ஓர் ஆணியைப் பல்லால் இழுத்தாள்.
தன் கல்லில் அழுத்திக் கீறினாள்.
சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கோடு.
"பார், கீறிவிட்டது!" டோன் வெனான்சியோ கைதட்டினார்.
கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் துடைத்தாள்.
கோடு போய்விட்டது.
தேய்ந்தது ஆணி.
கல் அப்படியே இருந்தது.

அடுத்து எங்கள் கல்.
வெண்ணெய்க்கட்டியில் போல இறங்கியது ஆணி;
பள்ளத்தில் வெளிறிய பொடி.

பிறகு என் கோப்பையை எடுத்தாள்.
கோக்கா தேநீர் பாதி இருந்தது.
வாசலில் கொட்டிவிட்டுக் கவிழ்த்தாள்.
அடியில் மெருகு ஏறாத வளையம் இருக்கிறதே, அதில்
எங்கள் கல்லை இழுத்தாள்: மஞ்சள் கலந்த பழுப்பு,
மூக்கருகே கொண்டுவந்தால் கூழ்முட்டை நெடி.
கொண்டுவந்தாள், என் மூக்கருகே.
தன் கல்லை இழுத்தாள்: நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை,
பால் காய்ந்த தடம்போல ஏதோ.

டோன் வெனான்சியோ சிரித்தார்.
"சோதனையெல்லாம் சரி, அம்மா.
கல் என்ன சொன்னாலும்
விலை சொல்வது நான்."

அதற்கு ஆணி கிடையாது, கோப்பை கிடையாது.

அவள் மூட்டையைக் கட்டினாள்.
ஆணியைச் செருப்பில் வைத்து
எங்கள் கல்லாலேயே தட்டி இறக்கினாள்,
கல்லின் ஒரு மூலை தட்டுத்தட்டாய்ப் பிளந்து சிதறியது.
முப்பத்தொரு கிலோவையும் முதுகிலேற்றி
வுவானூனி லாரி நிற்கும் திருப்பத்தை நோக்கி
நடந்தாள். திரும்பிப் பார்த்தாளா?
தெரியாது. நான் குனிந்திருந்தேன்.

அவள் வாசலில் நுழையும்போதே
பேரேட்டில் எழுதியிருந்தேன்:
கோல்கே, துத்தநாகம், 31.

கடை மூடிய பிறகு
கட்டைவிரலில் எச்சில் தொட்டுத்
துடைத்துப் பார்த்தேன்.
மை பரவியது.