தீர்மானம் எண் ஏழு

இரண்டாம் ஞாயிறு, ராத்திரி ஏழு மணி.
விளாங்குடியில் ஜெகுபரின் தையல்கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
ஸ்டூல் ஐந்துதான். மற்றவர்கள்
வெட்டாத துணிக்கட்டுகளின் மேல்.
நான் கைப்பந்துக் கழகச் செயலாளர்;
காஜா மிஷின்தான் எனக்கு மேசை.

முதலில் கணக்கு.
பொருளாளர் ரூபாவதி வாசிக்கத் தொடங்கினால்
இருமல் வந்தவர்கூட அடக்கிக்கொள்வார்.
பந்து இரண்டு. வலைக்கயிறு. சுண்ணாம்பு அரை மூட்டை.
திண்டுக்கல் போட்டிக்கு வேன் வாடகை.
போகும் வழியில் பஞ்சர், நூற்றைம்பது:
ரசீது இல்லை, டிரைவர் கையெழுத்து இருக்கிறது.
நாற்பது ரூபாய் இடித்தது.
"என் பையிலேர்ந்து போட்டுர்றேன்" என்றார்
தலைவர் தங்கமாயன்.
"போட்டா பணம் சரியாகும், தலைவரே.
கணக்கு சரியாகாது."
இருபது நிமிடம் தேடினோம்.
கடைசியில் ஒச்சப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.
எழுதினோம்:
நடுவருக்கு இளநீர், ரூபாய் நாற்பது.

பிறகு வலையின் உயரம்.
பெண்கள் ஐந்து மணிக்கு இறங்க வேண்டும்.
ஆண்கள் ஆடி முடித்துச்
சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்;
வலை அவர்கள் உயரத்திலேயே நிற்கிறது.
"பத்தொம்பது சென்டிமீட்டர்தான் எறக்கணும்.
அதுக்குத் தெனமும் கால்மணி நேரம்
எங்க நேரத்துல போகுது" என்றாள் மதிவதனி.
ஆடி முடித்தவர்களே இறக்கிக் கட்டுவது.
யாரும் எதிர்க்கவில்லை.
எதிர்ப்பில்லாத தீர்மானத்துக்குத்தான்
ஆள் தேவை என்று ரூபாவதி சொன்னதால்
பொறுப்பு: ஒச்சப்பன்.

ஏழாவது, விளக்கு.
மனை விற்கும் ஒருவர் நான்கு கம்பம் நட்டு
எட்டு விளக்கு போட்டுத் தருகிறாராம்.
கம்பத்துக்குக் கம்பம் அவர் முகம்.
திடலுக்கு அவர் அப்பா பெயர்.
மின்கட்டணம் மட்டும் நம்முடையது.

நான் வேண்டும் என்று பேசினேன்.
நன்றாகவே பேசினேன்.
டிப்போவில் என் ஷிப்ட் முடிய ஆறு;
கை கிரீஸைக் கழுவி, அரப்பாளையம் தாண்டி
வந்து சேரும்போது
பந்தும் இருட்டும் ஒரே நிறம்.
ஞாயிறு தவிர்த்து நான் ஒரு சர்வீஸ் போட்டு
மூன்று வருடம் ஆகிறது.
இதைச் சொல்லவில்லை. இளைஞர் நலன் என்றேன்.

ஜெகுபர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்:
"நாளைக்கு அவரு வீட்டுக் கல்யாணம்னா
பந்தலு எங்க போடுவாரு?"

கை தூக்கினோம்.
ரூபாவதி இரண்டு தடவை எண்ணினாள்.
வேண்டும் மூன்று. வேண்டாம் ஐந்து.
தலைவர் கைக்கு வேலை வரவில்லை.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்;
எழுத வேண்டியது நான்தானே.

விளக்குக்கான நன்கொடையை நன்றியுடன்
என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினேன்.
மறுப்பது, இல்லை ஒத்திவைப்பது.
ஒரு சொல்தான்.
ஒத்திவைத்தால் அடுத்த மாதம் திரும்ப வரும்.
அதற்குள் ஒருத்தரை டீக்கடையில் பிடித்துப் பேசலாம்.
நான் எழுதியதை இதுவரை
யாரும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதில்லை.

'ஒ' போட்டுவிட்டேன்.

பஞ்சருக்கு நூற்றைம்பது கொடுத்த வேன்,
நடுவர் குடித்த இளநீர்
எல்லாம் முந்தைய பக்கத்தில் இருந்தன.

'ஒ'வை அடித்தேன். மறுப்பது என்று எழுதினேன்.
அடித்தல் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
"என்ன அது?" என்றாள் ரூபாவதி,
வாங்கி வாசித்தபடி.
"எழுத்துப்பிழை."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டாள்.

ஷட்டரைத் தூக்கி வெளியே வந்தால்
திடலில் ஒன்றும் தெரியவில்லை.
இரும்புக் கொக்கி மட்டும் கிரீச்சிட்டது:
ஒச்சப்பன் இன்றைக்கே வலையை இறக்குகிறான்.
கூடல்நகரைத் தாண்டிய ரயில் ஒன்று
ஜன்னல் ஜன்னலாகத்
திடல்மேல் வெளிச்சம் போட்டுக்கொண்டே போனது.
"பிடி, பிடி, அந்தப் பக்கம்" என்று கத்தினான்.
ஓடிப்போய்ப் பிடித்தேன்.