கட்டம் பதினொன்று

குன்னூர் ஏலக் கிடங்கில்
தேயிலை லாட்டுகளுக்கு எண் போடுகிறேன்.
போன வருடம் 417-ஐ 471 என்று எழுதியதற்கு
போஜன் சார் கத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

மாசியிலிருந்து மாத்திரை.
கோயம்புத்தூரில் சித்தி வீடு என்று சொல்லிவிட்டு
மாதம் ஒரு சனிக்கிழமை மலை இறங்குகிறேன்.
முன்பெல்லாம் ஆறாம் கொண்டை ஊசியிலேயே
எண்ணிக்கையை விட்டுவிட்டு
முன்சீட்டுக்காரியின் வளையலுக்குள் போய்விடுவேன்.
இப்போது பதினான்கும் வருகின்றன, வரிசையாக.

“ஜெசிந்தா, இப்பதான் உனக்குப் பொறுப்பு வந்திருக்கு”
என்றார் நேற்று.
பாதியை வாங்கிக்கொண்டேன்.
மீதியை யாரிடம் கொடுப்பது?

அவருடைய சுகர் மாத்திரை
டிபன் பாக்ஸ் மூடியில் எல்லோர் முன்னும் இருக்கும்.
“போட்டேனா இல்லையா?” என்று எங்களையே கேட்பார்.
என்னுடையது
கழிவறைக் குழாயில், பல் கூசும் தண்ணீரில்.

சூப்பர்வைசர் வேலைக்கான படிவம் கேட்கிறது:
தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள்?
‘இல்லை’ மூன்றே எழுத்து.
ஏ.டி.எச்.டி. என்று எழுதினால்
417-ஐத் தோண்டி எடுப்பார்களோ,
சும்மா ஜன்னலைப் பார்த்தாலும்
மாத்திரை போட்டாச்சா என்பார்களோ.
ஒருவேளை
போஜன் சார் தன் மூடியை
என் பக்கம் கொஞ்சம் நகர்த்துவாரோ.

மணி ஐந்து.
மருந்து இறங்கும் நேரம்.
ரயில் கூவுகிறது, யாரோ ஏலக்காய் டீ போடுகிறார்கள்,
இங்கேதான் வைத்தேன்
பேனாவை.