மஞ்சள் கோடுகளுக்கு இடையில்

எனக்குத் தந்திருப்பவை
ஒரு டார்ச், ஒரு பேனா, ஒரு நோட்டு,
முதுகில் 'பாதுகாப்பு' என்று எழுதிய சட்டை.
காவலாளுக்குத் துப்பாக்கி கிடையாது.
இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம்.

இரவு பத்தரை.
ஓக்லஹோமாவின் கீழ்க்கோடியில்
கோழி வெட்டும் ஆலையின் பின்புறம்
நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகள்.
அம்மோனியா நெடி. ஈர இறகு
டயர்களில் ஒட்டிக் காய்கிறது.
ஒவ்வொரு கண்ணாடியிலும் என் வெளிச்சம்
ஒரு நொடி நின்று நகர்கிறது.
உள்ளே என்ன என்று கேட்க
எனக்கு உரிமையில்லை.

போன நவம்பரில் இருந்தது.
மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை
இரண்டு நாய்களைக் கூட்டிவந்தார்கள்.
விடியுமுன் காட்டில் குந்தியிருந்துவிட்டு
நேரே ஷிஃப்டுக்கு வந்தவர்கள்
சீட்டுக்குப் பின்னால்
பிள்ளையைப் போலப் போர்வை சுற்றி
ரைஃபிளைத் தூங்கவைத்திருந்தார்கள்.
ஒன்பது வண்டிகள்.
எண்களை எழுதியவன் நான்.

ஒன்பதாவது, வெர்லீன் டட்டில்.
மானைச் சுடுகிறவள் அல்ல.
எட்டு மணி நேரம் நின்றபடி
கோழித் தொடையிலிருந்து எலும்பை உருவுகிறவள்.
வீட்டுக்கு நாற்பத்தேழு மைல்,
அதில் முப்பதுக்கு டவர் கிடையாது.
முன்னாள் கணவன் நூறடி தள்ளி நிற்கவேண்டுமென்று
கோர்ட் ஒரு காகிதம் தந்திருந்தது.
"காகிதத்துக்கு அடங்குகிறவன் என்றால்
காகிதம் எதற்கு?" என்றாள்.
டேஷ்போர்டுப் பெட்டியில்
மகளின் பழைய சாக்ஸுக்குள் இருந்தது அது.
"வண்டியில்தானே இருந்தது?
ஆலை வாசலைத் தாண்டிற்றா?"
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
தலைவலையைக் கழற்றி நான்காக மடித்து
ஏதோ நான்தான் கொடுத்ததுபோல
என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலையில் சட்டம் வந்தது.
பூட்டிய வண்டிக்குள் இருப்பது
பூட்டிய வீட்டுக்குள் இருப்பது மாதிரி.
தார் கம்பெனியுடையது, மஞ்சள் கோடு கம்பெனியுடையது,
நாலு டயருக்கு மேலே
வேறு தேசம்.
நாய்களை அனுப்பிவிட்டார்கள்.
சட்டத்துக்குப் பின்னோக்கி நடக்கத் தெரியாது;
வெர்லீன் திரும்ப வரவில்லை.

பிறகு இந்த மார்ச்.
நள்ளிரவு தாண்டி ஒன்று இருபதுக்கு
கோர்டெல் பிகமை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.
பத்தொன்பது வருடம்.
மூன்று தாமதம், ஒரு வாக்குவாதம்.
அவன் கதவை அறையவில்லை,
அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.
நடந்து போய்ப் பிக்கப்பில் ஏறி
கதவைச் சாத்திக்கொண்டான்.
இஞ்சினை எழுப்பவில்லை.

உள்ளே சூப்பர்வைசர்
வாசலுக்குக் குறுக்கே மேசையை இழுத்தார்.
பெல்ட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை,
உரித்த கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக
தரையில் விழுந்துகொண்டே இருந்தனவாம்.
வெளியே நான்.
வாசலுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே
டார்ச்சோடும் பேனாவோடும்.
அவன் சீட்டுக்கடியில் என்ன இருந்தது?
தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான்
ஜூலையிலிருந்து என் வேலை.
பதினோரு நிமிடம்.
வெர்லீனின் முப்பது மைலில்
நான் முதன்முறையாக நின்றேன்.

கேபின் விளக்கு எரிந்தது.
டிபனைத் திறந்தான்.
சாண்ட்விச்சைப் பாதி தின்றான், மீதியை மூடினான்.
கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு
கண்ணாடியை இறக்கினான்.

"லாக்கரில் என் பூட்ஸ் இருக்கு.
என் காசுல வாங்கினது.
எடுத்துத் தர்றியா?"

மேசையை நகர்த்தச் சொல்லி எடுத்துவந்தேன்.
குதிகால் தேய்ந்த இரும்பு முனைப் பூட்ஸ்,
எதிர்பார்த்ததைவிடக் கனம்.
கோர்டெல் அவற்றைப் பக்கத்து சீட்டில்
ஆளை உட்காரவைப்பதுபோல வைத்துக்கொண்டு போனான்.

"வெச்சிருந்தானா?" என்றார் சூப்பர்வைசர்.
நோட்டில் எழுதினேன்:
1.42. பூட்ஸ், ஒரு ஜோடி. ஒப்படைக்கப்பட்டது.

என் வண்டி மூன்றாம் வரிசையில்,
விளக்கு எரியாத கம்பத்தின் கீழே.
சுற்றி வரும்போது அதையும் கடக்கிறேன்.
மற்றவற்றைப் போலவே கண்ணாடியில் ஒரு நொடி
வெளிச்சம் நின்று நகர்கிறது.
ஏப்ரலிலிருந்து அதன் உள்ளே என்ன என்று கேட்க
எனக்கு உரிமையில்லை.