தெரியாமல்

பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்குக் கீழே, சற்று இடப்பக்கமாக,
நின்று மொழிபெயர்த்தேன்.
முதலில் ஹேவ்லாக் சதுக்கத்தின் எண்கோணக் கட்டடம்,
பிறகு பக்கத்துக் கோபுரம்.
லிஃப்ட் மட்டும்தான் வேகமானது.

நீதிபதி குலவீரசிங்கத்துக்குத் தமிழ் தெரியும்
என்று எல்லாருக்கும் தெரியும்.
குற்றம் சாட்டப்பட்டவர் தமிழில் அழுது முடித்த பின்னும்
நான் அதை ஆங்கிலத்தில் அழாமல் சொல்லி முடிக்கும்வரை
அவர் பேனாவைத் தொடமாட்டார்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம்.
அறந்தாங்கிக்காரர் ஒருவர்,
துவாஸ் கட்டுமானத் தளத்தில் பதினொரு கிலோ செம்புக் கம்பி.
“தெரியாமப் பண்ணிட்டேங்கய்யா” என்றார்.
தனக்குத் தெரியாது என்கிறார், என்றேன் ஆங்கிலத்தில்.
எழுத்துக்கு எழுத்து சரி.
அரசு வழக்கறிஞர் எழுந்தார்.
தெரியாது என்றால் ஒப்புதல் செல்லாது,
விசாரணைக்குத் தேதி வேண்டும்.
பிணைக்கு ஆளில்லாத மனிதர்
என் ஒரு சொல்லுக்காகச் சாங்கியில் மாதக்கணக்கில் கிடக்கப்போகிறார்.
அது புரியாமல் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தார்.

நீதிபதி பேனாவை மூடினார்.
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
மீண்டும் கேளுங்கள்.
குற்றம் என்று தெரியாதா,
இல்லை, மன்னிப்புக் கேட்கிறாரா?

மன்னிப்புத்தான்.
மூன்று வாரம் தந்தார்.
கருணை என்று சொல்லமாட்டேன்.
உள்ளே இருப்பவருக்கு மூன்று வாரம் மூன்று வாரம்தான்.

அரசு வழக்கறிஞராகத் தொடங்கியவர்.
போக்குவரத்து வழக்குகள்,
அபராதம் கட்ட வந்தவர்கள் கொட்டாவி விடும் இரவு நீதிமன்றம்,
அப்புறம் மாவட்ட நீதிபதி.
அங்கேயே இருபது ஆண்டு.
உயர்நீதிமன்றத்துக்கு அவர் பெயர் அடிபட்ட வருடம்
வேறொருவர் போனார்.
மறுநாளும் ஒன்பதரைக்கு வந்து தலைவணங்கி உட்கார்ந்தார்.

எங்கோ ஒரு நாட்டில் நீதிபதிக்கே தேர்தல் உண்டாம்.
கேன்டீனில் நாளிதழை விரித்தாள் எழுத்தர் ஃபௌசியா.
“நம்மாளு நின்னா எப்படி?”
மீ சியாம் ஆறும்வரை சிரித்தோம்.
விளக்குக் கம்பந்தோறும் அந்த முகம்!
புளோக் புளோக்காக ஏறி, கதவு தட்டி, கைகுலுக்கி!
முழக்கம் என்ன?
“மீண்டும் கேளுங்கள்!”
யார் ஓட்டுப் போடுவா, என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
நான் முட்டையை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்றபின் வந்த பொதுத்தேர்தலில்
என்னை வாக்குச்சாவடி வேலைக்குப் போட்டார்கள்.
கிளமெண்டியில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
எட்டேகால் மணி வரிசையில்
அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக அவர்.
முழங்காலில் ஒரு தழும்பு.
நீதிபதிக்கு முழங்கால் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அடையாள அட்டையை நீட்டினார்.
பெயரை உரக்க வாசிக்க வேண்டும், விதி.
பெயர் கேட்டதும் எழுந்து நின்ற எத்தனை பேரை
மேலே இருந்து பார்த்திருப்பார்.
வாசித்தேன்.
நின்றுகொண்டிருந்தவர் இன்னும் நிமிர்ந்து நின்றார்.

மறைப்புக்குள் போனவர் வரவே இல்லை.
தீர்ப்பை ஒத்திவைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.
வந்தார், பெட்டியில் போட்டார், போனார்.
மூன்றாவது தூண் வரை போனவர்
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.
திரும்பி வந்தார்.
சாவடிப் பேனா.
எழுதி முடித்தால் பைக்குள் போடுவது முப்பது வருடப் பழக்கம்.
என் மேசையில் வைத்தார்.

“தெரியாமச் செய்துபோட்டன், பிள்ளை.”

யாழ்ப்பாணம்.
பன்னிரண்டு வருடமாக
அந்த மூடிய பேனாவுக்குப் பின்னால் இருந்தது இதுவா.

என்ன சொன்னார், என்றாள்
பக்கத்து மேசை ஹுவி லிங்.
வாயைத் திறந்தேன்.
“பேனாவைத் திருப்பித் தந்தார்” என்று மட்டும் சொல்லிவிட்டு
அடுத்த பெயரை வாசித்தேன்.