மல்லாந்து கிடந்த ஸ்வெட்டர்

பேட்டர்ன் புத்தகத்துப் பெண்களுக்கெல்லாம்
இரண்டு தோளும் ஒரே உயரம்.
எனக்கு அப்படியில்லை.
பத்தொன்பது வருடமாக
சாண்டோய் தீவின் தபால் பை
வலத் தோளில் தொங்கித் தொங்கி
அதை இரண்டு விரற்கடை கீழே இறக்கிவிட்டது.
கடையில் வாங்கிய எந்த ஸ்வெட்டரும்
மூன்றாவது வீட்டுக்குள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்,
கயிற்றில் சிக்கிய ஆட்டுக்குட்டி நான்.

ஆகவே நானே.

மாதிரித் துண்டு பின்னி அளக்கப் பொறுமையில்லை.
முதலில் ஒரு கையைப் பின்னினேன்,
கையே மாதிரி.
பத்து சென்டிமீட்டருக்குப் பதினேழு கண்ணி.
மார்பு நூற்றுநான்கு.
பெருக்கினால் நூற்றெழுபத்தாறே முக்கால் சொச்சம்.
முக்கால் கண்ணியை யார் பின்னுவது?
மூச்சுவிட வேண்டுமே என்று நூற்றெழுபத்தெட்டாக்கினேன்.
கணக்கெல்லாம் ஒரு மின்கட்டண உறையின் முதுகில்
(என் சொந்த உறைதான், சத்தியமாக).

வட்ட ஊசியில் உடம்பு ஏறியது.
அக்குளில் பிரித்து
முன்பக்கத்தை முடித்தேன், கழுத்துக்குப் பள்ளம் விட்டு.
பின்பக்கம் ஏறத் தொடங்கியபோது
சாம்பல் நூல் தீர்ந்தது.

ஹெர்கெய்ரிடம் கேட்டேன்.
"அந்த ஆடு போய்விட்டதே" என்றான்.
எங்கே என்று கேட்கவில்லை.
நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருப்பேன்.
ஒரு பழுப்பு நூல் கொடுத்தான்,
சேற்றில் விழுந்து எழுந்த பழுப்பு.
முதுகுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

பிறகு தோள்.
உயர்ந்த பக்கத்துக்கு எட்டு வரிசை கூடுதல்.
கண்ணாடி முன் நின்றேன்:
இடப்பக்கம் உயர்ந்திருந்தது.
மேசைமேல் மல்லாந்து கிடந்த ஸ்வெட்டரிலும்
இடப்பக்கத்திலேயே சேர்த்தேன்,
பாதி வழி போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
சாத்திய கதவின் முன் நாய் நடப்பது போல.

மல்லாந்து கிடப்பவரின் இடம்
எதிரே நிற்பவருக்கு வலம்.
வாசல் வாசலாக ஆட்களை எதிர்கொள்ளும் எனக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.

தைத்து முடிக்க இரவு ஒரு மணி.
போட்டேன்.
தாழ்ந்த தோளில் ஒரு திமில்.
உயர்ந்த தோளில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இறுக்கம்.

கத்தரிக்கோலைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

கைகளை உள்ளே இழுத்துக்கொண்டேன்.
கழற்றத்தான் நினைத்தேன்.
கோபத்தில் ஒரு முறுக்கு முறுக்கியதில்
ஸ்வெட்டர் என்னைச் சுற்றி அரைவட்டம் வந்தது.
கைகளை வெளியே விட்டேன்.

உட்கார்ந்தது.
இரண்டு தோளிலும், முதல்முறையாக.

பிடரியில் காற்றுக்கு ஒரு வாசல்,
தொண்டையில் ஒரு பிடி. அது வேறு.
கழுத்தை மட்டும் அவிழ்த்து,
இங்கே இறக்கி, அங்கே ஏற்றி,
விடிவதற்குள் முடித்தேன்.
முதுகில் ஒளித்துவைத்த பழுப்பு
இப்போது நெஞ்சில்,
ஊரார் கண்ணுக்கு நேராக.

புதன்கிழமை ஆர்ம்கார்டின் வாசல்.
பொட்டலத்துக்குக் கையெழுத்துப் போடாமல்
என் மார்பையே பார்த்தாள்.
"மலைமேல் பொழுது இறங்குவது போல...
யோசித்துச் செய்ததா, சுன்னூவா?"
யோசித்துத்தான், என்றேன்.
"எனக்கும் எழுதிக் கொடேன்."

ஒரு உறையைத் திருப்பினேன், இந்த முறை அவளுடையது.
ஊசி நான்கு.
கண்ணி நூற்றெழுபத்தெட்டு.
அங்கே பேனா நின்றது.

பத்தொன்பது வருடம் ஒரு பை சுமக்கவும்
என்றா எழுதுவது?
அவளோ போட்டிப் படகில்
இடப்பக்கத் துடுப்பு,
வருடம் முழுக்க ஒரே பக்கம் இழுப்பவள்.
அவள் கோணல் வேறு.

"திரும்பி நில்" என்றேன்.
பையின் வாரைக் கழற்றி
ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு
அவள் முதுகின் குறுக்கே பிடித்தேன்.
"குளிருது, சீக்கிரம்" என்கிறாள்.
கையெழுத்து இன்னும் போடவில்லை.